ஃபேன் மாற்றியாகிவிட்டது, வண்டி விற்பனைக்கு இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் பெரியம்மா அவள் உடம்புக்கு நலம், வண்டியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே, அம்மா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்பாய், அதனால்தான் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாதல்லவா, முழுசாகப் படி.

போன மாதம் பாலத்துச் சிக்னலில் வண்டி கொதித்து ஆவி பறக்க நின்றுபோனது உண்மைதான். பக்கத்தில் பெரியம்மா, டயாலிசிஸ் முடித்து வந்தவள், துவண்டு கிடந்தாள். நான் பயந்துதான் போனேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே, வண்டிக்கும் வயசாச்சு உங்களுக்கும் வயசாச்சு, வித்துட்டு டாக்சியில போங்க என்று நீ தீர்ப்புச் சொன்னதோடு நிற்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் கொழுந்தனிடம் சொல்லி அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி வாங்க ஆளையும் ஏற்பாடு செய்தாய் பார், அதுதான் சுருக்கென்றது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்வது என் குணம், அதை எதற்கு நீ எடுத்துக்கொண்டாய்? டாக்சியில் போகாமலா இருந்தோம், வண்டி நின்ற வாரம் டயாலிசிஸுக்கு மூன்று தடவையும் டாக்சிதான். திரும்பி வரும்போது பெரியம்மாவுக்கு வாந்தி வரும். என் வண்டியென்றால் ஓரங்கட்டுடி என்பாள், நிறுத்துவேன், முடிந்ததும் கிளம்புவோம். டாக்சிக்காரர் முகம் சுளிப்பாரே என்று வழி முழுக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு வந்தாள். மூன்றாவது தடவை வீட்டுக்குள் நுழைந்ததும், இனிமே நான் வரலடி, இப்படியே விட்டுடு என்றாள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் உனக்கும்தானே சொன்னார். இப்போது சொல், இது வெறும் வண்டிப் பேச்சா?

தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சினே போச்சும்மா, எடைக்குப் போட்டுடுங்க என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓடும்போது சூடு காட்டும் முள் அசையாமல் இருக்கிறது, நின்றால்தான் ஏறுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கும், நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும், அதுவோ செத்துக் கிடந்தது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தும் முனகக்கூட இல்லை. இருபத்தாறு வருஷம் தையல் கம்பெனியில் மெஷின் ஓட்டியவளுக்கு எரிந்த மோட்டார் தெரியாதா? பாகங்கள் விற்கும் கடைக்குப் போனால், வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா என்கிறான். ஆம்பளை வந்தா ரேடியேட்டர் அளவு மாறிடுமா என்றேன். இந்த மாடலுக்கு அசல் ஃபேன் வருவது நின்று பல வருஷம் ஆகிறதாம். பழைய வண்டியில் கழற்றியது ஒன்று கிடந்தது, அந்த மோட்டார் எத்தனை நாள் தாங்குமோ, வேண்டாம் என்றேன். எல்லா வண்டிக்கும் பொருந்துமென்று பெரிதாக ஒன்றைத் தூக்கி வைத்தான். நான் தையல் டேப்பால் ரேடியேட்டரின் நீள அகலத்தை மட்டுமா, அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதிப் போயிருந்தேன். நாலு விரல்கூட இல்லை, அவன் காட்டியது இஞ்சினில் இடிக்கும். கடைசியில் ஒல்லியான ஒன்றைத் தேடி எடுத்தோம். நைலான் பட்டையை ரேடியேட்டர் தகடு வழியாக விட்டு இழுத்துக் கட்டிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை என்று கடைக்காரனின் உபதேசம் வேறு. அதிர அதிரத் தகட்டை அறுத்துத் தண்ணீர் ஒழுகினால் யார் பார்ப்பது? இரும்புப் பட்டை வாங்கி, பழைய ஃபேன் இருந்த போல்ட் துளைகளிலேயே முடுக்கினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன், பதறாதே.

யானைக்கும் அடி சறுக்கும். பழைய பிளக் பொருந்தாததால் இரண்டு வயரையும் நானே இணைத்தேன். ஓடவிட்டால் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது, முள்ளோ முன்பைவிட வேகமாக ஏறுகிறது. மெக்கானிக் சொன்னதே சரியோ என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். பெரியம்மா தடியை ஊன்றி வண்டிக்கு முன்னால் வந்து நின்றவள், ஏண்டி, என் மூஞ்சியில அனல் அடிக்குதே, காத்து வெளியில வரணுமா உள்ள போகணுமா என்று கேட்டாள். அட கடவுளே! வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், ஃபேன் தலைகீழாகச் சுற்றிக் காற்றை முன்பக்கம் தள்ளியிருக்கிறது. இரண்டு வயரையும் இடம் மாற்றி, ரேடியேட்டர் முன்னால் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. பெரியம்மா சிரித்தாள் பாப்பா. எத்தனை மாதம் ஆயிற்று அவள் சிரித்து. நாளைக்குக் கிளம்பலாமா என்றேன், ஓட்டு பாக்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் கொழுந்தன் ஆளோடு வந்தான். நான் சாவியைக் கொடுத்தேன். வெயிலில் நிறுத்தி அரை மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள், முள் பாதியைத் தாண்டவில்லை. வந்தவர், நல்லா ஓடுற வண்டியை எதுக்குப்பா விக்கிறாங்க என்று கேட்டார். உன் கொழுந்தன் என்னைப் பார்த்தான். என்னை ஏன் பாக்குற, உங்க அண்ணியைக் கேளு என்றேன். இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தூரத்தில் இருக்கிறவளுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். கண் மங்கினால், கால் பிரேக்கில் தடுமாறினால், சாவியை நானே கொடுத்துவிடுவேன். அந்த நாளை நான் சொல்ல வேண்டும், நீ சொல்லக் கூடாது. பெற்றவளாக இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராது, என் ஆசி எப்போதும் உண்டு. பேத்தியை வாரி அணைத்து நான் கொடுத்ததாக ஒரு முத்தம் கொடு. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே. செவ்வாய், வியாழன், சனி காலையில் எனக்குப் போன் செய்யாதே. எடுக்க மாட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா