கும்பலில் நின்ற முகம்

அன்புள்ள அக்கா,

அப்பாவை அடக்கம் செய்தபின் நேற்றுதான் வேலைக்குப் போனேன்.

என்னோடு கெமிஸ்ட்ரி படித்த அருள்நாதன் தோல் கம்பெனியில் இருக்கிறான். இன்னொருவன் எண்ணூரில் உப்பைப் பரிசோதிக்கிறான். நான் மட்டும் சினிமாக் கம்பெனியில் ஃபிலிம் கழுவப் போனேன். "தோபி வேலைக்கா உன்னை காலேஜ்ல படிக்க வச்சேன்?" என்று கேட்ட அப்பா, அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை. அது உனக்கும் தெரியும்.

நான் இல்லாததால் கழுவாமல் கிடந்த சுருள் ஒன்றை நேற்று எடுத்தேன். ராயபுரம் கடற்கரையில் பிடித்த படம். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். வேடிக்கை பார்க்கும் கும்பலில், கறுத்த முடியும் வெளுத்த முகமுமாக ஒரு வாலிபன் நின்றான். அவனுடைய இடது தோள் இறங்கியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து இறங்கிய அப்பாவின் தோள், அக்கா.

காமிராக்காரர் வரதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் நைனாதாம்பா. ஷூட்டிங் நடந்த மூணு நாளும் வந்துகினு இருந்தாரு. 'இத்த மருந்துல போட்டு எடுக்கிறது எம்புள்ள, கெமிஸ்ட்ரி படிச்சவன்'னு பக்கத்துல நிக்கிறவங்களாண்ட சொல்லிகினே இருந்தாரு. வந்தது உனக்குத் தெரிய வேணாம்னாரு."

கும்பல் தெரிகிறதென்று அந்தத் துண்டை வெட்டச் சொல்லிவிட்டார்கள். பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜன்னலருகே பிடித்துப் பார். அப்பா வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

உன் தம்பி