வரவேற்பறையில் ஒரு விளையாட்டு மேசை

மண்ணரை, திருப்பூர்
10 மார்ச் 2024

அன்புள்ள பிரியங்கா,

சுகமா? வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் காகிதம். லெஸ்டரில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாயே, காபிக்கடையில் கண்ணாடி போட்ட மேசை, கண்ணாடிக்கு அடியில் வீடியோ கேம், எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் இரண்டு பேர். "நாம ரெண்டு பேரும் இப்படி உக்காந்தா எப்படி இருக்கும்!" என்று கேட்டிருந்தாய். நீ விளையாட்டுக்குக் கேட்டாயோ என்னவோ, நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

கம்பெனியில் ரோல் முடிந்து தூக்கிப் போடும் பேட்டர்ன் தாளை ஒட்டி, மேசையை முழு அளவில் வரைந்தேன். பதினேழு வருடமாகப் பனியனுக்குக் கையும் கழுத்தும் வரைகிறேன், இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். முழங்காலுக்கு இடம் விட மறந்துபோனேன். எங்கள் வீட்டுக்காரர் ஜெபக்குமார் பார்த்துவிட்டு, "ஏட்டி, காலக் கழட்டி வச்சிட்டா உக்காரணும்?" என்று கேட்டார். உங்கள் சதீஷ் அண்ணனிடம் தாள் விஷயத்தைச் சொல்லிவிடாதே. கழிவுத் தாள்தான் என்றாலும் அவர் முதலாளி.

உங்கள் வீட்டில் அண்ணன் டியூஷனுக்குப் போகும் நேரம் பார்த்து நாம் டிவி கேம் ஆடுவோமே. நீ சோபாவில், நான் தரையில். என் அம்மா உங்கள் பனியன் யூனிட்டில் செக்கிங் வேலை முடித்து வந்து கூப்பிடும்வரை ஆடுவோம். இந்த மேசைக்கு இரண்டு நாற்காலியும் ஒரே உயரத்தில் வாங்கப் போகிறேன்.

டிசம்பரில் நீ வரும்போது தயாராக இருக்கும்.

உன்
ஆஷா

லெஸ்டர்
2 ஏப்ரல் 2024

ஆஷா கண்ணு,

பைத்தியக்காரி, நிஜமாகவே செய்கிறாயா! கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே இவர் வேலைக்குப் போனால் இரவுதான் வருகிறார். பேச்சுக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீல வர்ணம் அடி. அந்த விண்கலத்தைச் சுடுகிற ஆட்டம் கட்டாயம் வேண்டும். அப்புறம், ஒருவர் முறை முடிந்ததும் படம் தலைகீழாகத் திரும்பி எதிரே இருப்பவருக்கு நேராக வர வேண்டுமாம், கடைக்காரர் சொன்னார். உன்னால் முடியுமா?

நான் வந்ததும் முதல் ஆட்டம் நாம்தான். அதுவரை யாரையும் உட்கார வைக்காதே.

உன்
பிரியா

மண்ணரை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரியா,

ஆடிக் காற்றில் கதவைச் சாத்திவைத்துத் தேய்த்ததில் வீடு முழுக்க மரத்தூள். பிளைவுட்டைத் தச்சர் சாமியப்பன் என் தாளை வைத்தே அறுத்துக் கொடுத்தார். "ஏனுங்க, இது டீப்பாயா, பெட்டியா?" என்று நாலு தடவை கேட்டார். பழைய கம்ப்யூட்டர் கடையில் ஒரு சதுர மானிட்டர் கிடைத்தது. அதை மல்லாக்கப் படுக்கவைத்தால் சூடேறுகிறது. அடியில் சின்ன ஃபேன் வைத்தேன். உள்ளங்கை அளவு போர்டு ஒன்றில்தான் ஆட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. வயர்களை நானே பற்றவைத்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

படம் திரும்புவதற்குத்தான் மூன்று வாரம் ஆனது. போன ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து, சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்தேன். திடீரென்று திரும்பிவிட்டது! யாரையும் உட்கார வைக்காதே என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அதனால் இரண்டு நாற்காலியிலும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். இரண்டு பக்கமும் தோற்றேன்.

நீலம் அடித்தாயிற்று. எப்போது வருகிறாய்?

உன்
ஆஷா

லெஸ்டர்
8 நவம்பர் 2024

ஆஷா கண்ணு,

டிசம்பர் 5ஆம் தேதி அண்ணன் வீடு புதுமனை புகுவிழா. மொத்தமே எட்டு நாள்தான் இருப்பேன். உறவுக்காரர் வீடுகளைச் சுற்றவே நேரம் போதாது, மண்ணரைக்கு வர முடியுமா தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மேசையை ஒரு நாளைக்கு விழாவுக்குக் கொண்டு வாயேன். குழந்தைகளும் பார்ப்பார்கள், நாமும் உட்கார்ந்து ஆடலாம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அவசரத்தில்,
பிரியா

மண்ணரை
20 டிசம்பர் 2024

பிரியா,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். விழாவில் பேச முடியாததை எழுதுகிறேன்.

"அங்க கொண்டு போவாத. போனா திரும்பி வராது" என்று ஜெபக்குமார் சொன்னார். நான் கேட்கவில்லை. டெம்போவில் ஏற்றிவந்து இறக்கினால், வாசலில் ஒரு அம்மா "சாமானெல்லாம் பின்னாடி வழியாங்க" என்றார். பின்வழியாகத்தான் வந்தோம். கார் ஷெட்டில் போட்டுவைத்தோம்.

குழந்தைகள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ பட்டுப்புடவையில் இரண்டு தடவை வந்தாய். உன் நாத்தனார் "யாருங்க செஞ்சது?" என்று கேட்டார். "நம்ம கம்பெனில பேட்டர்ன் போடற புள்ள ஒண்ணுங்க. அண்ணன்தான் செய்யச் சொல்லுச்சு" என்றாய். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், பிரியா. அப்புறம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "இரு, சாப்பிட்டுட்டு வந்தர்றேன்" என்றாய். நாலு மணிவரை இருந்தேன்.

மேசையை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக அண்ணன் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அது கம்பெனி வரவேற்பறையில் கிடக்கிறது, கண்ணாடி மேல் கம்பெனிப் பெயர் ஒட்டி. அண்ணனிடம் கேட்டேன்.

"ஆர்டர் குடுக்கற பையர் வந்தா நல்லா இருக்குதுல்ல? எவ்வளவுன்னு சொல்லு கண்ணு, குடுத்தரச் சொல்றேன்."

"விக்கிறதுக்குச் செய்யலீங்கண்ணா."

"கம்பெனித் தாள்ல வரைஞ்சதுதானே அது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அது கம்பெனித் தாள் என்பது, ஜெபக்குமாரை விட்டால், நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அதைப் பற்றி உன்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல், போதும். மேசை ஆஷாவுடையது, கொடுத்துவிடு என்று.

ஆஷா

லெஸ்டர்
6 ஜனவரி 2025

ஆஷா கண்ணு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். நீ ஏன் எல்லாவற்றையும் இப்படி எடுத்துக்கொள்கிறாய்? தாள் விஷயத்தைப் பெருமையாகத்தான் சொன்னேன். "வேஸ்ட் தாள்ல எப்படி வரைஞ்சிருக்கா பாருண்ணா" என்றேன். அது இப்படிப் போகும் என்று யார் கண்டது?

உனக்கு மட்டும் சொல்கிறேன். இவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. மார்ச்சில் ஊருக்கே வந்துவிடுகிறோம். அண்ணன் கம்பெனியில்தான் இவருக்கு ஏதாவது பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் ஒரு மேசைக்காக அண்ணனிடம் நான் எப்படி வாய் திறப்பது? நீயே யோசித்துப் பார்.

இங்கே நல்ல ஜாய்ஸ்டிக் இரண்டு வாங்கி உனக்குப் பார்சல் போட்டிருக்கிறேன். உனக்கென்ன, இன்னொன்று செய்துவிடுவாய். உன் கை அப்படி.

என்றும் உன்
பிரியா

மண்ணரை
9 பிப்ரவரி 2025

பிரியங்கா அவர்களுக்கு,

உங்கள் நிலைமை புரிந்தது. அதனால்தான் திரும்ப உங்களைக் கேட்காமல் நானே போனேன்.

முதலில் முறையாகத்தான் கேட்டேன். கேட் பாஸ் இல்லாமல் மேசை வெளியே போகாது என்றார்கள். கேட் பாஸில் உங்கள் அண்ணன் கையெழுத்து வேண்டும். இரண்டு வாரம் அலைந்தேன். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வரவேற்பறைக்குப் போனேன். ஹாலந்து பையர்கள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக்கு அடியில் படுத்துத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். உங்கள் அண்ணன் ஓடி வந்தார். பையர்கள் பார்க்கிறார்கள் என்றதும் முகத்தில் சிரிப்பு வந்தது. "சர்வீஸ், சர்வீஸ்" என்று அவர்களிடம் சொன்னார். நான் அடுத்த திருகாணிக்குப் போனேன். மானிட்டர், போர்டு, ஃபேன், நான் பற்றவைத்த வயர் எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் போட்டுக்கொண்டேன். வெற்றுப் பெட்டியையும் கண்ணாடியையும் அங்கேயே விட்டேன். ராஜினாமாக் கடிதத்தை ஆபீசில் நிர்மலாவிடம் கொடுத்தேன். வாட்ச்மேன் சாக்குகளைத் திறந்து பார்த்தார், அப்புறம் பாஸ் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பேட்டர்ன் வேலை காலி இல்லை. வெட்டிய துணிப் பீஸ்களை அடுக்குகிறேன். இந்த வீடு உங்கள் சித்தப்பாவுடையது, காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மறுபடி செய் என்கிறார் ஜெபக்குமார். சாமான்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. எடுக்கத் தோன்றவில்லை. ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டேன் என்பதோ, கை சுட்டது என்பதோ வருத்தமில்லை. உங்கள் நாத்தனார் கேட்டபோது "இவதான் செஞ்சா, என் சிநேகிதி" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அண்ணனிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. உங்கள் அம்மா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் நீங்கள் வந்துவிட்டால் எங்காவது எதிர்ப்படத்தான் போகிறோம். அப்போது என்னைக் கூப்பிட வேண்டாம். புது வீட்டு முகவரியை இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஜெ. ஆஷா