நீலக்கட்டச் சாரமும் ஒரு குருவியும்

உம்முடைய கமராப் பையைத் திறந்தால் இன்னும் வறுத்த மிளகாய்த்தூள் மணக்கிறது. உம்முடைய மனுசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், இதை என் கையில் தந்து ஐந்து மாதமாகிறது. வெயிலில் வைத்தேன், காற்றில் தொங்கவிட்டேன், மணம் போகவில்லை. இப்போது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குசினி யன்னலடியில், தூள் போத்தலுக்கும் தேயிலைப் பேணிக்கும் நடுவில் கமரா வைத்திருந்த ஒரே ஆள் இந்த நோபல் பார்க் ஊரில் நீராகத்தான் இருப்பீர்.

முழங்கால் உம்மை எங்கும் நடக்க விடவில்லை. அதற்காக அழுதுகொண்டா இருந்தீர்? "மற்றவை காடு மலை எண்டு ஏறிப் பறவை பாக்கினம். எனக்கு அதுகள் வீட்டை வருகுதுகள். பிறகு நான் ஏன் போவான்?" என்று கேட்டீர். அதுகளும் வந்தன. பின்வளவில் சுற்றுகிற உடுப்புக் கொடியில் கிளி, மக்பை, புறா எல்லாம் முறை வைத்துக் குந்தின. எது குந்தினாலும் படத்தில் அண்ணை இடுப்பில் கட்டுகிற, நீலக்கட்டம் போட்ட பழைய சாரமும் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி நான் சும்மா இருப்பேனா? வேலியால் எட்டிக் கத்துவேன். "இஞ்ச, உந்தச் சாரத்தை எடுத்துப்போட்டுப் படத்தை எடுமன்!"

"நான் எழும்பிப் போய் எடுக்குமட்டும் அது கதிரை போட்டுக் குந்திக்கொண்டு இருக்குமோ?"

நூலகத்தார் வருடாவருடம் போடுகிற கலண்டருக்கு, அவரவர் வீட்டு வளவில் எடுத்த பறவைப் படம் கேட்பார்கள். நாலு வருடம் அனுப்பினீர், ஒன்றும் வரவில்லை. போன செப்டெம்பரில் போயும் போயும் ஒரு நொய்சி மைனரை எடுத்தீர். சாம்பல் உடம்பும் மஞ்சள் சொண்டுமாக, விடிந்தால் தெருவெல்லாம் சண்டைக்கு நிற்கிற அந்தக் குருவியை யார் மெனக்கெட்டு எடுப்பார்கள்? கொம்பியூட்டரில் அனுப்புகிற வேலை என்னுடையது. அனுப்பமுதல், உமக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், படத்திலிருந்து சாரத்தை வெட்டிவிட்டேன். சொண்டடியில் மெல்லிய கோடு போல ஏதோ தெரிந்தது. தூசியாக்கும் என்று அதையும் அழித்தேன். படம் தெரிவானது!

கலண்டரையும் ஒரு கேக்கையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். நீர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தீர்.

"குருவி இருக்கு. அது செய்த வேலை எங்க?"

"என்ன வேலை? சும்மா குந்திக்கொண்டெல்லோ இருந்தது."

"கண் இருந்தாப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினீர்.

எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. நன்றி சொல்லத் தெரியாத மனுசி என்று புறுபுறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பத்து நாள் வேலிப்பக்கம் தலை காட்டவில்லை. பதினோராம் நாள் வேலிக்கு மேலால் ஒரு தட்டுப் பயத்தம் பணியாரம் வந்தது. அதோடு பழையபடி கதைத்தோம். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. பங்குனியில் நீர் போய்விட்டீர். அதற்குப் பிறகும் உமக்கு வீம்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை அடித்த காற்றில், வேலியோரத்து யூகலிப்டஸ் மரத்திலிருந்து ஒரு பழைய கூடு என் வளவுக்குள் விழுந்தது. சுள்ளி, புல், சிலந்தி நூல். உள்ளே, குஞ்சுக்கு மெத்தையாக, நீல நூலும் வெள்ளை நூலும். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். உள்ளே ஓடிப்போய் நீர் எடுத்த முழுப்படத்தையும் திறந்து பெரிதாக்கினேன். காலை ஊன்றிக்கொண்டு, சாரத்தின் கிழிந்த கரையிலிருந்து அந்தக் குருவி நூல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் தூசி என்று அழித்தது அந்த நூலைத்தான். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் நீர் இல்லை.

முழுப்படத்தையும் பெரிதாக எடுப்பித்து அண்ணையிடம் கொண்டுபோனேன். நான் வெட்டின படத்தை அவர் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருந்தார்.

"இது என்ர சாரமெல்லே!"

"ஓம் அண்ணை."

"எறியச் சொல்லி எத்தினைதரம் சொன்னனான். கிடக்கட்டும், தேவை எண்டவள். ஆருக்குத் தேவை எண்டு சொல்லேல்லை, பாருங்கோ."

சொண்டைத் தொட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் தோள் குலுங்கச் சிரித்தார். நீர் போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. சட்டத்தை அவரே கழற்றிப் படத்தை மாற்றினார். பிறகு அலுமாரியைத் திறந்து அந்தச் சாரத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். "செப்டெம்பர் வருகுதெல்லே" என்றார், கொடியில் போட்டுக்கொண்டே.

இப்போது கமராவைத் தூக்கினால், முதலில் பறவை என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறேன். உம்மிடம் படித்தது அவ்வளவுதான். இன்று காலை என் கொடியில் ஒரு வெள்ளைக் கொக்கட்டூ, உடுப்புக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துகொண்டிருந்தது. எறிந்துவிட்டு, விழுகிறதா என்று தலையைச் சரித்துப் பார்க்கிறது, கள்ளன்! ஒரு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என் பழைய சீத்தைச் சட்டை, கிழிந்த கையோடு.

சட்டையை நான் எடுக்கவில்லை. அதோடு சேர்த்துத்தான் படத்தைக் கலண்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.