அக்கா, உன் படையல் இலையை ராணி தின்னா

என் உசுருக்கு உசுரான பெரியக்கா,

நீ போயி மாசம் ஒண்ணு முடிஞ்ச அன்னைக்குப் படையல் போட்டோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். திண்டுக்கல்லுலேயே என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது, உனக்கே தெரியும். இன்னைக்குக் கோழி கிண்டின மாதிரி வருது.

சமையல் முழுக்க நான்தான். உன் மக ஜெயந்தி வெங்காயம் மட்டும் உரிச்சா. சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாப் போட்ட கறிக்குழம்பு, கிஸ்மிஸ் மிதக்கிற பாயசம், உனக்குப் பிடிச்ச பன்னீர் திராட்சை ஒரு கொத்து. வாசம் ஒட்டன்சத்திரம் வரைக்கும் போயிருக்கும். ஆனா காக்கா வரல. மொட்டைமாடியில நின்னு தொண்டை வறளக் கூப்பிட்டேன். "அவளுக்கு ஏதோ மனக்குறை"ன்னு சொந்தக்காரங்க முணுமுணுத்தாங்க. என் அக்காவுக்கு மனக்குறையா, அதுவும் நான் இருக்கும்போது?

"காக்கா எதுக்கு? ராணி தின்னா எங்கக்கா தின்ன மாதிரி"ன்னு சத்தமாச் சொல்லி, இலையை உன் நாய் முன்னால வச்சேன். வழிச்சுத் தின்னுச்சு. பாத்தவங்க அம்புட்டுப் பேரும் கண்ணைத் தொடச்சாங்க. நான் மீசையைத் தடவிக்கிட்டேன்.

சாயங்காலமே ராணிக்கு வாந்தி. மறுநாள் காலையில எந்திரிக்கல. கடைசியா நீ என்கிட்ட கேட்டது ஒண்ணுதானே, "தம்பி, ராணியைப் பாத்துக்கடா"ன்னு. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜெயந்தி ஆட்டோவுல பின்னாடியே வந்தா. நான்தான் முந்தினேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. "என்ன சாப்பிட்டா?"ன்னு கேட்டாங்க. நான் இலையில இருந்ததை ஒண்ணுவிடாமச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாவே. திராட்சைன்னதும் எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

"திராட்சை, கிஸ்மிஸ் ரெண்டும் நாயோட கிட்னியைக் கெடுத்துரும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தையே உடைச்சுரும். யாருங்க இதெல்லாம் வச்சது?"

ரத்தம் ஊறட்டும்னுதானே உனக்கு ஆஸ்பத்திரியில திராட்சை உரிச்சு உரிச்சுக் கொடுத்தேன்? ஒரு வீட்டுல ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு விஷமா?

விட்டுக்கொடுக்க முடியுமா? "டாக்டரம்மா, நான் பதினோரு நாய் வளத்தவன்"னேன்.

"அதுல எத்தனை வயசாகிச் செத்துச்சு?"

ஜெயந்தி என்னைப் பாத்தா. "மாமா, நம்ம கருப்பன்..."

நான் வளத்தது பதினொண்ணு இல்லக்கா, மூணுதான். கருப்பன் எப்படிச் செத்தான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சோறு தண்ணி இல்லாமச் சுருண்டு கெடந்தான், ரத்தக் கலர்ல ஒண்ணுக்குப் போனான், எதிர்வீட்டு அந்தோணி அண்ணன் எலி மருந்து வச்சுட்டார்னு சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி வெங்காயம் தின்னானா?"

கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு வச்ச வெங்காயப் பச்சடி ஒரு சட்டி மிஞ்சி, அதைச் சோத்துல பெசஞ்சு ரெண்டு நாளா வச்சது யாரு? நான்தான். அங்க இருந்த பெஞ்சுல அப்படியே உட்கார்ந்துட்டேன்.

நான் சொன்னேன்னுதானே நீ அந்தோணி அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு அத்தனை பேச்சுப் பேசுன? அதுக்கப்புறம் அவங்க முகத்துலகூட முழிக்கல. உன் சாவுக்கு அந்த அண்ணன் வந்து தெருவோரமாவே நின்னுட்டுப் போனார். உள்ள கூப்பிட எனக்கு வாய் வரல.

மூணு நாளா ராணிக்கு டிரிப்ஸ் ஏறுது. இன்னைக்குக் காலையில டாக்டரம்மா ஓடிவந்து, "ஒண்ணுக்குப் போயிட்டா, கிட்னி வேலை செய்யுது"ன்னாங்க. நாய் ஒண்ணுக்குப் போனதுக்கு மனுசன் அழுவான்னு நான் நெனச்சதே இல்ல. இன்னும் ஒரு வாரம் பாக்கணுமாம்.

அக்கா, சத்தியமாச் சொல்றேன். இனி ராணிக்கு வெறும் சோறும் அவிச்ச கோழியும்தான். இந்தக் கடுதாசியை முடிச்சதும் செருப்பைப் போட்டுக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போறேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன், ஒரு வார்த்தைகூடச் சேர்க்காம. உனக்கும் சேத்து மன்னிப்புக் கேக்குறேன்.

உன் சொல்லைக் காப்பாத்தப் பாக்குற,
கூடப்பொறந்த தம்பி முத்துப்பாண்டி