வீட்டில் மட்டும் திறந்த ஆப்

ஆடி மாதம், செவ்வாய்.

கணவரின் பேண்டேஜ் கம்பெனிக்கு ஆர்டர் பதிய நான் எழுதி கிளவுட் சர்வரில் ஏற்றிய ஆப், எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உடனே திறக்கும். இன்று இராஜபாளையத்தில் இருக்கும் அவர் கம்பெனிக்குப் போய் அங்குள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வரில் கோளாறில்லை. ஆப்பை எழுதிச் சோதித்த நாட்களில் வீட்டு இணைப்பை மட்டும் உள்ளே விடும்படி சர்வரைக் காக்கும் ஃபயர்வாலில் வைத்தவள், மாற்ற மறந்திருக்கிறேன்.

ஆர்டர் பதியத்தான் தினமும் மதியம் பைக்கில் வீட்டுக்கு வந்தாராம். என் குழம்புக்காக என்றல்லவா நினைத்தேன்!

“ஏன் சொல்லல?”

“ஆசையா எழுதியிருக்க. தெறக்கலன்னு எப்படிச் சொல்ல?”

ஃபயர்வாலைச் சரிசெய்தேன். “இனிமே மதியம் வீட்டுக்கு அலைய வேண்டாம்” என்றேன். குரல் இறங்கிவிட்டது.

அவர் திறந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, அப்ப பழையபடி பூட்டிரு.”