முடி கொட்டாத நோய்

இன்று காலை உன் மச்சான் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய முள்சீத்தா இலை. பையை அவிழ்த்ததும் அடித்தது, கடைசி வருஷம் முழுக்க உன் வீட்டு அடுக்களையில் அடித்த அதே பச்சை வாசம். எனக்குப் பிரஷர் என்று யாரோ சொன்னார்களாம், வைத்தியம் பார்க்க வந்திருக்கிறான். உனக்குப் பார்த்து முடித்த கையோடு.

வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊருக்கு வந்து இறங்கும்போது டாக்டராகிவிட்டவன் அல்லவா!

கொட்டாரம் ஊரில் நடந்த அவன் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? அடைப்பிரதமன் பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்குகிற நீ, பிரதமன் வருவதற்கு முன்பே இலையை மூடினாய். "லேய், என்ன ஆச்சு?" என்றேன். "நாலு வாய் தின்னாலே வயிறு அடைக்கு மக்கா" என்றாய். உன் மச்சானுக்கு அது போதும். "எனக்க மகளுக்க கல்யாணச் சாப்பாடு அத்தானுக்குப் பிடிக்கல்லியோ?" என்று பந்தியிலேயே குதித்தான்.

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. படுத்தால் வியர்வையில் பாய் நனைந்தது. இதற்கெல்லாம் நம் ஊர் கண்டுபிடித்த நோய், ரகசியக் குடி. சாராய வாசமே ஆகாத உனக்கு! நல்ல ஊர், நல்ல மூளை.

நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டரம்மா உன் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கண்டபடி பெருகிக் கிடந்தன. மரபணுச் சோதனையும் செய்தபின் சொன்னார்: "நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு, அதுக்கு முடியெல்லாம் கொட்டாது. தினமும் சாப்பிடணும். உடம்பு நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்தப்படாது."

நன்றாகத்தான் ஆனது. வயிறு வற்றியது, முகம் தெளிந்தது. திற்பரப்பு அருவியில் நனைந்துவிட்டு, அந்த அடர்ந்த தலைமுடியைக் கோதிக்கொண்டு நின்றாயே, அப்போதுதான் உன் மச்சான் வாயைத் திறந்தான். "முடி கொட்டாத கேன்சர் உண்டுமா அத்தான்? ஆஸ்பத்திரிக்காரங்க உங்கள ஏமாத்துகாவ. இங்கிலீஷ் மருந்து கிட்னிய எடுத்துரும்." வாட்ஸப்பில் யாரோ தாடிக்காரன் இலைக் கஷாயம் காய்ச்சுகிற வீடியோவையும் காட்டினான்.

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காத நீ, அதை நம்பினாய். மாத்திரையை நிறுத்திவிட்டு, அவன் கொண்டுவந்த இலையைக் காய்ச்சிக் குடித்தாய். நான் கேட்டபோதெல்லாம் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சிரித்தாய். "பாரு மக்கா, ஒண்ணாவது வருதா?" உனக்கும் கொஞ்சம் மண்டைக்கனம்தான்.

மறுபடி வயிறு தள்ளியபோது நோய் வேறு வேகம் எடுத்திருந்தது. பழைய மாத்திரைக்கு அது அடங்கவில்லை. டாக்டரம்மா வேறு மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார். எதற்கும் நோய் கேட்கவில்லை.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அந்த நேரத்திலும் அவன் சும்மா இருந்தானா? வந்தவர்களிடம் உன் தலையைக் காட்டி, "கண்டியளா, ஒரு முடி கொட்டல்ல. இது கேன்சரே இல்ல" என்றான். உன் மனைவி கிடந்து கதறிக்கொண்டிருந்தாள். அவனை அறையாமல் விட்டது அவளுக்காகத்தான்.

இன்று அவன் இலையைப் பரப்பிக் காட்டக் குனிந்தபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை தரையில் விழுந்தது.

"என்னவேய் இது?"

"சுகர் மாத்திரை."

"இலை இருக்குல்லா, பின்ன எதுக்கு?"

"அத விடப்படாது வேய். ஒரு நேரம் விட்டாலே எனக்குத் தலை சுத்தும். டாக்டர் கண்டிப்பா சொல்லிருக்காரு."

கூச்சம் என்று ஒன்று அந்த முகத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அட்டையைத் துடைத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் இலையை அள்ளி வாழை மரத்து மூட்டில் கொட்டினேன்.

அவன்மேல் எனக்கு இருப்பது வெறும் அருவருப்பு. கோபம் உன்மேல்தான் மக்கா, அது ஆறவே மாட்டேன் என்கிறது. தினமும் காலையில் பிரஷர் மாத்திரையை நாக்கில் வைக்கும்போது, "நீ தின்னியா லேய்?" என்று உன்னைத்தான் கேட்டுவிட்டு விழுங்குகிறேன்.