பதினான்காம் குழி

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். லம்பா லைன் வீட்டிலிருந்து பஸ், தம்பி வேலை பார்க்கும் கடற்கரைக்கு வந்து சேர மதியம். கொண்டு வந்தது: கருவாடு, கைலி இரண்டு, காய்ச்சல் மாத்திரை, பினாயில். செல்வம் இளைத்திருக்கிறான். கட்சால் தீவில் சுனாமியோடு அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். குடிசையெல்லாம் ஒட்டடை. திட்டிக்கொண்டே பெருக்கினேன்.

முட்டை பொரிக்க வைக்கும் ஹேச்சரிக்குள் மூங்கில் வேலி, வலை, வரிசையாக மணல் குழிகள். நாய் தோண்டாமலிருக்க ஆமை முட்டைகளைக் கொண்டுவந்து இங்கே புதைக்கிறார்கள். டிசம்பரில் நான் வந்திருந்தபோது புதைத்தது குழி எண் 14. அதில் மட்டும் ஒன்றும் வரவில்லை. 13, 15 பொரித்துக் கடலுக்குப் போயாயிற்று.

"சில குழி லேட்டாகும்க்கா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பிப். 12, புதன்

மேகம், மழை இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை.

மெயின்லேண்டிலிருந்து ஒரு குடும்பம் சுற்றிப் பார்க்க வந்தது. "ஒரு முட்டைய எடுத்துக் காட்டுங்களேன், போட்டோ எடுத்துக்கறோம்." தம்பி சொன்னான்: "தொடக்கூடாதும்மா. மேல கீழ திருப்பினாலே உள்ள கரு செத்துரும். எப்படிக் கெடந்துச்சோ அப்படியே, மண்ணோட தூக்கணும்."

எனக்கு 14ஆம் குழி ஞாபகம் வந்தது. டிசம்பரில் அன்று காலை அவன் குழி தோண்ட முன்னால் போனான், முட்டை வாளியை நான்தான் எடுத்துப் போனேன். மணலும் கொழகொழப்புமாக இருந்ததென்று வழியில் பைப்படியில் கோழி முட்டை மாதிரி உருட்டி உருட்டிக் கழுவி அடுக்கினேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுத்தம் சோறு போடுமாம். என் சுத்தம் தம்பி சோற்றில் மண்ணைப் போடப் போகிறது.

நாளை வனத்துறை அதிகாரி வந்து 14ஐத் தோண்டிப் பார்ப்பார். தம்பி ஏழு வருஷமாகத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் லிஸ்ட்டில் இப்போதுதான் பெயர் வந்திருக்கிறது. அந்த லிஸ்ட்டை மேலே அனுப்ப வேண்டியவர் இதே அதிகாரிதான்.

பிப். 13, வியாழன்

வெயில். தோண்டினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நூற்றுப் பன்னிரண்டு முட்டை, ஒன்றில்கூடக் குஞ்சு இல்லை.

"யே கிஸ்னே ஷிஃப்ட் கியா?" யார் எடுத்து வந்தது என்று கேட்டார் அதிகாரி.

"மைனே, சாப்." நான்தான் என்றான் தம்பி.

பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. த்தூ, நான் ஒரு அக்கா. லிஸ்ட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார். அடுத்த லிஸ்ட் எப்போதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிப். 14, வெள்ளி

காற்று. தம்பியிடம் சொன்னேன்: "ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போடா. நான்தான் கழுவினேன்னு சொல்லிர்றேன்."

"தெரியும்க்கா. வாளிய வாங்கினப்பவே பாத்தேன். முட்டையில ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"அன்னைக்கே சாப்கிட்ட சொல்றதுக்கென்னடா?"

"சொன்னா ஒன்னைய இந்தப் பக்கமே விட மாட்டாங்க. எனக்கு வேற யாரு வர்றா?"

எழுந்து வேலிப் பக்கம் போய்விட்டான்.

அப்படியானால் முதல் நாளே தெரியும். இரண்டு மாதமாக, தினமும் விடியலில் நண்டு விரட்டி, நாய் விரட்டி, செத்த முட்டைக்குக் காவல் இருந்திருக்கிறான்.